காகிதம் நெய்த ஷிரோயிஷி

ஜப்பானின் வடகிழக்கே, மியாகி மாநிலத்தில், ஸாவோ மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது ஷிரோயிஷி என்னும் சிறு நகரம். 1602-ஆம் ஆண்டில் இப்பகுதியை ஆண்ட தாத்தே பிரபுவின் பிரதான தளபதியான கதகுரா கொஜூரோ பெற்று, அவர் வம்சத்தார் மெய்ஜி யுகம் பிறக்கும்வரை ஆண்ட கோட்டை இங்கே உண்டு. பின்னர் இடிக்கப்பட்டு 1995-இல் மரத்தாலேயே மீண்டும் எழுப்பப்பட்ட அதைக் காணவே யாத்திரிகர் பலர் வருகின்றனர். ஊமென் என்னும் நீளம் குறைந்த கோதுமை இழையுணவுக்கும் இவ்வூர் பேர்போனது. என்னை இதன்பால் ஈர்த்ததோ ஷிஃபு என்னும் காகிதத் துணியே.

பருத்தி விளையாத குளிர்ப் பிரதேசம் அது. வெளியூர்ப் பருத்தியை வாங்க வகையற்ற எளிய குடும்பத்தார், எழுதித் தீர்ந்த கணக்கேடுகளையும் எறிந்துவிட மனமின்றி, அவற்றை நறுக்கி நூலாக்கித் தறியில் ஏற்றினர். கோஸோ என்னும் மரத்துப் பட்டையின் நார் மிக நீண்டதாகையால், அதில் வார்த்த காகிதம் முறுக்கைத் தாங்கும். தாளை மடித்து, இருபுற ஓரங்களும் அறுபடாதவாறு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக நறுக்கி, ஈரம் ஊறவிட்டு, சொரசொரப்பான கல்லின்மேல் உள்ளங்கைகளால் மெல்ல உருட்டுவார்கள். கீற்றுகள் திரண்டபின் ஓரங்களை மாற்றி மாற்றிக் கிழிக்க, முழுத்தாளும் அறுபடாத ஒரே இழையாக நீண்டுவிடும். கிழித்த இடங்களை விரலால் திருகி, இராட்டையில் முறுக்கேற்றி, பட்டு, பருத்தி அல்லது சணல் பாவில் ஊடையாக ஓட்டுவர். பாவும் ஊடையும் காகிதமேயான துணியும் உண்டு. தண்ணீரில் துவைத்தாலும் கரையாத, கோடைக்கு உகந்த மெல்லிய ஆடை அது.

தேர்ந்த காகிதத்தில் நெய்த ஷிஃபுவைத் தாத்தே பிரபுக்கள் ஜப்பானை ஆண்ட ஷோகுனுக்கே காணிக்கையாக அனுப்பினர். அந்த நேர்த்தி வியக்கத்தக்கதே. எனினும், ஒரு வீட்டின் வரவும் கடனும் மைப்புள்ளிகளாக அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஏழையின் துணியையே நான் உயர்வாக மதிப்பேன். வறுமையில் உதித்த சாமர்த்தியம் அரண்மனை ஏறியதேயன்றி, அரண்மனையிலிருந்து இறங்கி வரவில்லை.

ஆலை நூல் மலிந்த காலத்தில் இக்கலை அழிந்தது. 1940-ஆம் ஆண்டையொட்டி, கதகுரா வம்சத்தவரான நொபுமித்ஸுவும், வணிகர் ஸாதோ சூதாரோவும், காகிதக் கைவினைஞர் எந்தோ ததாஓவும் ஒன்றுகூடி அதை மீட்டனர். நூலுக்கு வேண்டிய காகிதத்தை எந்தோ வார்த்தார். அவருடைய குடும்பப் பட்டறை பின்னாளில் நின்றபோதும், ஊரார் சிலர் சேர்ந்து, கோஸோ வளர்த்து, காகிதம் வார்ப்பதைத் தொடர்ந்து வருகின்றனர்.