எனக்கும் கேக்குதும்மா

நரம்பியல் ஓபியில் ஸ்டெதாஸ்கோப்புக்கு அதிகம் வேலையில்லை. சுத்தியலும் டார்ச்சும்தான் கையில் இருக்கும். ஆனால், ‘காதுல இரைச்சல்’ என்று ஒருவர் வந்து உட்கார்ந்தால் நான் முதலில் அதைத்தான் எடுப்பேன்.

வண்டு ரீங்காரம் போல் விடாமல் ஒலித்தால், பெரும்பாலும் காதின் கோளாறு. நாடியோடு சேர்ந்து அடித்தால் விஷயம் வேறு. “ராத்திரி படுத்தா குப்பு குப்புன்னு அடிக்குது தம்பி. வீட்ல யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க” என்றார் ஓர் அம்மா. அவரது ஒரு கையில் நாடியைப் பிடித்துக்கொண்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் மறு கையால் மேசையைத் தட்டச் சொன்னேன். தட்டும் துடிப்பும் ஒன்றாகவே விழுந்தன. மூச்சை அடக்கச் சொல்லி, காதின் பின்னெலும்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தேன். துடிப்புக்குத் துடிப்பு ஓர் ‘உஸ்ஸ்’. அங்கே ஓடும் தமனியை விரலால் அழுத்தினால் தணிந்தது, விட்டால் திரும்பியது. “எனக்கும் கேக்குதும்மா” என்றேன். அவர் மகள் பக்கம் திரும்பி, “இப்ப என்னடி சொல்ற?” என்றார்.

ரத்தசோகை, தைராய்டு, கழுத்துத் தமனிச் சுருக்கம் என்று இதற்குக் காரணங்கள் பல. அவருக்கு இருந்தது, மூளையின் தடித்த உறையில் தமனி நேரே சிரைக்குள் புகுந்துவிடும் கோளாறு. நடுவே வேகத்தைக் குறைக்கும் நுண்குழாய்கள் இல்லை. அந்தப் பாய்ச்சலின் ஓசைதான் இரைச்சல். ஓசையால் ஆபத்தில்லை. ரத்தம் மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குள் எதிர்த்து ஏறினால்தான் வலிப்பு, ரத்தக்கசிவு, சிலருக்கு மறதிநோய் போன்ற மந்தம். இந்தக் கோளாறுக்கு 1995இல் வந்த போர்டன், கொன்யார் வகைப்பாடுகள் இரண்டுமே ரத்தம் எந்தச் சிரை வழியாக வடிகிறது என்பதைத்தான் முதலில் பார்க்கின்றன. கோளாறான இணைப்பைக் கதீட்டர் வழியாக அடைத்துவிட்டால் அந்த மந்தம்கூடத் தெளிவதுண்டு. வயதானதால் வந்தது என்று விட்டுவிடக் கூடாது.

இதன் முரட்டு உறவு ஒன்று பைக் விபத்துக்குப் பின் வரும். கண்ணுக்குப் பின்னால் உள்ள சிரைக்குழிக்குள் கழுத்துத் தமனியின் மேல்பகுதி கிழிந்து கொட்டும். கண் சிவந்து பிதுங்கும். மெட்ராஸ் ஐ என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருப்பார்கள். மூடிய இமைமேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் பலரிடம் அதே சத்தம் கேட்கும்.

சாதாரண எம்ஆர்ஐ இவற்றைத் தவறவிடலாம். சந்தேகம் இருந்தால் ஆஞ்சியோகிராம்தான் முடிவு சொல்லும். உங்களுக்கு இப்படி நாடியோடு சேர்ந்து சத்தம் கேட்டால் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். கோளாறு இருப்பது தெரிந்தபின் சத்தம் திடீரென நின்றாலும் வந்து காட்டுங்கள்; அந்த இணைப்பு தானாக மூடியிருக்கலாம், ரத்தம் மோசமான வழிக்கும் மாறியிருக்கலாம்.