மாதிரி வீடு பார்க்கப் போகிறீர்களா?

கெடா மாநிலத்தில் பீடோங்கிலிருந்து சுங்கைப்பட்டாணிக்கு வரும் சாலையை உங்களில் பலர் அறிவீர்கள். முதுகுக்குப் பின்னால் ஜெராய் மலை நிற்கும். செம்பனை மரங்கள் வந்துகொண்டே இருக்கும். ஓரிடத்தில் மரங்கள் முடிந்து, ஒரே அச்சில் வார்த்தாற்போல் வீட்டு வரிசைகள் தொடங்கும். நம் பெற்றோர் பால்மரம் சீவிய மண்ணில் இன்று பல தாமான்கள் எழுந்திருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வண்ணக் கொடிகள் பறக்கும். கூடாரத்தில் குளிர்பானம் கொடுப்பார்கள். நடுவில் ஒரு வீடு மட்டும் மணப்பெண்போல் அலங்கரித்து நிற்கும். அதுதான் மாதிரி வீடு.

போய்ப் பாருங்கள். குளிர்பானத்தையும் குடியுங்கள், தவறில்லை. ஆனால் எதை நம்பிப் போகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. தோட்டத்து லய வீடு வேலை உள்ளவரைதான். ஓய்வு பெற்ற பிறகு தலைசாய்க்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் சேமநிதிப் பணத்தை எடுக்கிறோம். 2024 மே மாதம் முதல் 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சேமநிதி மூன்று கணக்குகளாக இருக்கிறது. வீட்டுக்கென எடுப்பது ‘செஜாதெரா’ கணக்கிலிருந்து. மாதந்தோறும் சேரும் சந்தாவில் 15 விழுக்காடுதான் அதற்குப் போகிறது. அந்தப் பணம் மறுபடி சேர நெடுங்காலம் ஆகும்.

புறப்படுவதற்கு முன்பே ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டுக் கட்டில், அலமாரி, தையல் இயந்திரம், சாமி மேடை, ஐஸ்பெட்டி எல்லாவற்றையும் அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள். படியின் உயரத்தையும் குளியலறைத் தரை வழுக்குவதையும் அவரைப்போல் வேறு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

உள்ளே நுழைந்ததும் குளிர்ச்சியாக இருக்கும், ஏர்கோன் ஓடுகிறது. வீடு விசாலமாகத் தெரியும். சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்திருப்பார்கள். அறைக்கும் கூடத்துக்கும் இடையில் கட்டவேண்டிய சுவரைக் கட்டாமலே விட்டிருப்பார்கள். கதவுகள் இருக்கா, கதவு இருந்தால் அது திறந்து மூடவே இரண்டரை அடி இடம் போய்விடுமே! சில மாதிரி வீடுகளில் கட்டில்கூட வழக்கமான அளவைவிடச் சிறியது. நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். விற்பனைக்காரப் பிள்ளை சிரித்தால் சிரிக்கட்டும்.

இதையெல்லாம் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. கடைக்காரர் சேலையை விளக்கொளியில் விரித்துக் காட்டுவதில்லையா? அந்தச் சேலையை வாசலுக்கு எடுத்துப்போய் பகல் வெளிச்சத்தில் பார்த்து வாங்கும் நம் தாய்மார்களுக்கு இந்த வித்தையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டை வாசலுக்கு எடுத்துப்போக முடியாது, அவ்வளவுதான்.

வரிசை வீட்டில் ‘20 அடி அகலம்’ என்பது பொதுச் சுவரின் நடுவிலிருந்து அடுத்த பொதுச் சுவரின் நடுவரை உள்ள கணக்கு. உள்ளே புழங்கக் கிடைப்பது அதைவிடக் குறைவு. மாதிரி வீடு பெரும்பாலும் மூலை வீடாக இருக்கும். மூன்று பக்கமும் சன்னல் வைத்து வெளிச்சம் காட்டும். நீங்கள் வாங்கப்போவது நடு வீடாக இருந்தால் முன்னும் பின்னும் மட்டுமே காற்று.

அடுத்து, ஒவ்வோர் அறையிலும் நின்று ஒரே கேள்வியைக் கேளுங்கள்: “இது விலையில் சேர்ந்ததா?” சமையலறை அலமாரி, சீலிங் அலங்காரம், இரும்பு கிரில், பின்பக்கம் நீட்டிக் கட்டிய அடுப்படி ஆகியவை பெரும்பாலும் சேராது. வாயால் சொல்லும் பதில் போதாது. நம் நாட்டில் 1966ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ், தரைவீடுகளுக்கான விற்பனை ஒப்பந்தம் அரசாங்கம் வகுத்த படிவத்தில்தான் இருக்கவேண்டும். அதன் நான்காம் அட்டவணையில் சுவர், கூரை, கதவு, தரை எந்தப் பொருளால் ஆனவை, விளக்குக்கு எத்தனை இணைப்பு, மின்விசிறிக்கு எத்தனை, பிளக் எத்தனை என்று எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்து சேரப்போவது அந்தப் பட்டியல்தான். பார்த்து மயங்கிய வீடு அல்ல. அட்டவணையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலமோ மலாயோ சிரமமாக இருந்தால் படிக்கிற பிள்ளையை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பிறகு வெயிலில் இறங்கி உங்கள் மனைக்கே நடந்து போங்கள். வரைபடத்தில் எண்ணைப் பார்த்து இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வாசல் மேற்கே பார்த்தால் பிற்பகல் வெயில் முழுக்கக் கூடத்துக்குள் வரும். அருகே பெரிய கால்வாய் இருக்கிறதா, மின்கோபுரம் இருக்கிறதா, இடம் பள்ளமா என்று கவனியுங்கள். வடகெடாவும் சுங்கைப்பட்டாணியும் ஆண்டுத் தொடக்கத்தில் காய்ந்து கிடக்கும். அப்போது எந்த மனையும் மேடாகத்தான் தோன்றும். அக்டோபர் மழை கொட்டிய மறுநாள் இன்னொரு முறை போனால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று மண்ணே காட்டிவிடும்.

என்னைக் கேட்டால், மாதிரி வீட்டைவிடப் பயனுள்ளது அதே நிறுவனம் மூன்று நான்கு ஆண்டுகளுக்குமுன் கட்டிக்கொடுத்த தாமான். மாலை ஐந்து மணிக்கு அங்கே போய், துணி எடுக்கும் அக்காமார்களிடம் பேச்சுக் கொடுங்கள். கூரை ஒழுகுகிறதா, சுவர் வெடித்ததா, தண்ணீர் மாடிக்கு ஏறுகிறதா, சாவி சொன்ன தேதிக்கு வந்ததா எல்லாம் கால்மணி நேரத்தில் தெரிந்துவிடும். தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு தூரம், பஸ் உண்டா, வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்கு எழவேண்டும் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கூடாரத்துக்குத் திரும்பினால் “இன்றைக்கே ஐந்நூறு வெள்ளி கட்டி இடத்தைப் பிடியுங்கள்” என்பார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எந்தப் பெயரிலும் பணம் வாங்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. கையெழுத்திடும்போது 10 விழுக்காடு. மீதி, கட்டட வேலை நடக்க நடக்க. விளம்பரத் தாளில் நிறுவனத்தின் உரிமம் எண்ணும், விளம்பர விற்பனை அனுமதி எண்ணும், நிலம் நிரந்தர உரிமையா குத்தகையா என்பதும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்களை வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சில் சரிபார்க்கலாம். கட்டாயம் சரிபாருங்கள். பாதியில் கைவிடப்பட்ட வீட்டுக்கும் வங்கிக் கடனைக் கட்டி வருகிற குடும்பங்கள் நாட்டில் இருக்கின்றன. ‘வழக்கறிஞர் கட்டணம் இலவசம்’ என்றால், அந்த வழக்கறிஞர் நிறுவனத்துக்காக வேலை செய்பவர் என்று புரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கென ஒருவரை வைத்துக்கொள்வது செலவுதான். ஆனால் அவர் உங்கள் பக்கம் இருப்பார்.

தரைவீட்டுக்கு ஒப்பந்த நாளிலிருந்து 24 மாதத்துக்குள் சாவி தரவேண்டும். தாமதமானால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு கணக்கில், நாளுக்கு நாள் இழப்பீடு உண்டு. சாவி பெற்ற பின்னும் 24 மாதம் வரை வெடிப்பு, ஒழுக்கு போன்ற குறைகளை நிறுவனமே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். எழுத்துமூலம் தெரிவித்த 30 நாளுக்குள். நேரில் சொல்லிவிட்டு வராதீர்கள். கடிதமாக எழுதி, இரண்டாவது நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கி, சாமி மேடைக்குக் கீழே பத்திரமாக வையுங்கள்.