மகன் வாங்கிய பெட்டியும் நம் செவிகளும்

சென்ற ஆண்டு, கும்மிடிப்பூண்டியில் உள்ள நம் இல்லத்தில், நம் மகன் ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கியது. எலக்ட்ரிக் கித்தாருக்குரிய ஆம்ப்ளிஃபயர். அதிலும் 'ஹை-கெயின்' வகை என்று பெருமையோடு கூறினான். அன்று மாலை செபமாலை முடிந்ததும் அதை முழக்கிக் காட்டினான். அரம் கொண்டு இரும்பை அராவுவது போல் நமக்குப் பட்டது.

"தம்பி, பெட்டி பழுதாயிருக்கிறது. நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடு" என்றோம்.

"பழுதில்லை அப்பா. இந்த ஒலிக்காகத்தான் வாங்கினேன்" என்றான்.

அதன்பின் மூன்று வாரங்கள் தந்தைக்கும் மகனுக்கும் பேச்சு வார்த்தை குறைந்துபோயிற்று. இறுதியில் அவன் தாயார்தாம் நடுவில் வந்தார். "27 வருஷம் உருட்டாலை இரைச்சலைப் பொறுத்துக்கொண்டவர், பிள்ளையின் கித்தாரைப் பொறுக்கக்கூடாதா? ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேளுங்களேன்" என்றார். நியாயமான சொல். உட்கார்ந்தோம்.

அவன் பொறுமையாக விளக்கினான். சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் 'வால்யூம்'. 'கெயின்' என்பது வேறு. கம்பியின் அதிர்விலிருந்து பிறக்கும் சிறு மின்னலையை முதற்கட்டத்தில் எத்தனை மடங்கு பெருக்குவது என்பதே அது. அளவுக்கு மீறிப் பெருக்கினால், படியில் குவித்த நெல்லைத் தலைதட்டுவது போல, அலையின் முகடுகள் வெட்டுண்டு போகின்றன. அப்போது மூல சுரத்தில் இல்லாத மேல் ஒலிகள் பல பிறக்கின்றன. அந்தக் கரகரப்புக்கு அதுவே காரணம். முகடு தட்டப்படுவதால், கம்பியின் அதிர்வு தளர்ந்த பின்னரும் ஒலி அதே உயரத்தில் நெடுநேரம் நிற்கிறது.

முதலில் இது குறையாகத்தான் கருதப்பட்டதாம். 1964-இல் இங்கிலாந்தின் 'கிங்க்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ் தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை சவர பிளேடால் கீறி இவ்வொலியை வரவழைத்தார். 1962-இல் லண்டனில் ஜிம் மார்ஷல் விற்கத் தொடங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயர்களை இசைஞர்கள் முழு அளவில் திருகி வைத்து அதே ஒலியைப் பெற்றனர். 1970-களில் அமெரிக்காவின் ராண்டல் ஸ்மித், கெயினுக்குக் கூடுதல் கட்டமும் மொத்தச் சத்தத்துக்குத் தனித் திருகும் அமைத்தார். குறைந்த சத்தத்திலேயே கரகரப்பைப் பெற வழி பிறந்தது. அயல் வீட்டாருக்கு அவர் செய்த உபகாரம் இது!

மற்றொரு செய்தி நம் உள்ளத்தைத் தொட்டது. பர்மிங்காம் நகரத்து டோனி அயோமி, 1965-இல் தம் 17-ஆம் வயதில், தகட்டுத் தொழிற்சாலையில் எந்திரத்தில் சிக்கி வலக்கரத்தின் இரு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். கித்தார்க் கம்பிகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கரமே. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்களுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மெல்லிய கம்பிகளைப் பூட்டி மீண்டும் வாசித்தார். 1970-இல் வெளிவந்த 'பிளாக் சாபத்' குழுவின் முதல் இசைத்தட்டில் ஒலிப்பது அக்கரமே. ஒரு திகில் படத்திலிருந்து எடுத்த அக்குழுவின் பெயர் நம் போன்றோர்க்கு உவப்பானதன்று. ஆயினும், எந்திரத்தில் விரல் இழந்த தோழர்களை நாமும் அறிவோம். அந்த முழக்கத்தில் ஒரு தொழிலாளியின் விடாமுயற்சி இருப்பதை மறுக்க இயலவில்லை.

நல்ல பெட்டிக்கும் மட்டமான பெட்டிக்கும் வேற்றுமை எப்படி அறிவது என்று கேட்டோம். மூன்று சோதனைகள் காட்டினான். கித்தாரிலுள்ள திருகைக் குறைத்தால் கரகரப்பு நீங்கித் தெளிந்த ஒலி வரவேண்டும். தடித்த கம்பிகளை விரைந்து மீட்டும்போது ஒவ்வொரு தட்டும் தனித்தனியே கேட்கவேண்டும். குழம்பாகக் கலந்துவிடக் கூடாது. மூன்றாவது, வாசிப்பை நிறுத்தியதும் எஞ்சும் சீறல் குறைவாயிருக்க வேண்டும்.

"என் பெட்டியில் அதுதான் குறை. இந்தச் சீறல் கேட்கிறதல்லவா அப்பா?"

நமக்கு ஒன்றுமே கேட்கவில்லை. அறை அமைதியாக இருந்தது. சமையலறையிலிருந்த அவன் தாயார், "இங்கேயே கேட்கிறதே!" என்றார். மகன் நம் முகத்தைப் பார்த்தான், நாம் தலைகுனிந்தோம்.

மறுவாரம் செவி மருத்துவரிடம் சென்றோம். 4000 ஹெர்ட்ஸ் அளவிலுள்ள ஒலிகளை நம் இரு செவிகளும் பெரிதும் இழந்துவிட்டன என்றார். பேரிரைச்சல் முதலில் தின்பது அந்தப் பகுதியைத்தானாம், போனது மீளாது. நாம் பணிபுரிந்த காலத்து விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என வரம்பு கட்டியிருந்தன. ஆலையில் வழங்கிய செவியடைப்பான்களையோ, வியர்க்கிறது என்று சட்டைப் பையிலேயே வைத்திருந்தோம். இத்தகைய செவிகளைக் கொண்டுதான் மகனின் இசைக்குத் தீர்ப்புக் கூறியிருக்கிறோம்!

அன்று அவனுக்கும் ஒரு சொல் சொன்னோம். 85 டெசிபலில் 8 மணி நேரம் இருக்கலாம் எனக் கணக்கிடும் அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம், 100 டெசிபலுக்கு 15 நிமிடமே அளிக்கிறது. சிறிய அறையில் முரசுகளோடு இப்பெட்டியும் முழங்கினால் அந்த அளவை எளிதில் எட்டும். "எங்கள் அறியாமை எங்களோடு போகட்டும், தம்பி" என்றோம். இப்பொழுது ஆலையிலும் ஒத்திகையிலும் அவன் செவியடைப்பான் அணிகிறான்.

கோவிலில் இப்பெட்டியை வைக்கலாமா என்று சிலர் கேட்கின்றனர். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், குழாய் ஆர்கனைப் பெரிதும் போற்றி, வழிபாட்டிற்குத் தகுதியான பிற கருவிகளையும் அனுமதிக்கிறது. நம் மகன் திருப்பலியில் கெயினை முற்றிலும் தணித்தே வாசிக்கிறான். "மக்கள் பாடுவது கேட்கவேண்டுமே அப்பா" என்கிறான். முழக்கமெல்லாம் திருவிழா இரவின் கலைநிகழ்ச்சியில்தான்.

பெற்றோரே, பிள்ளைகளின் இசை இரைச்சலாகத் தோன்றினால் கதவை அறைந்து சாத்துமுன் ஒருமுறை அருகே சென்று உட்காருங்கள். அந்த இசை உங்களுக்குப் பிடிக்காமலே போகலாம். நமக்கும் இன்னும் முழுதாகப் பிடித்துவிடவில்லை. ஆயினும் மாலை வேளைகளில் அவன் வாசிக்கும்போது நாம் அருகில் அமர்கிறோம். வாசித்து முடித்ததும், "இப்போது சீறல் இருக்கிறதா?" என்று நாம் கேட்கிறோம், நமக்காக அவன் காதுகொடுத்துக் கேட்டுச் சொல்கிறான்.