வார்சோவில் மூன்று நாட்கள்

2023ஆம் ஆண்டு மார்கழியில் பேர்லினில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, மூன்று நாட்கள் போலந்தின் தலைநகரான வார்சோவுக்குச் சென்றுவரும் வாய்ப்பு எனக்கும் மனைவிக்கும் கிட்டியது. பரிஸ், ரோம் என்று நம்மவர்கள் வழக்கமாகச் செல்லும் நகரங்களை விட்டு, குளிரில் விறைக்கின்ற வார்சோவுக்கு ஏன் என்று மகள் கேட்டாள். நான் பத்திரிகைத் தொழிலுக்குள் நுழைந்த காலத்தில் ‘வார்சோ ஒப்பந்த நாடுகள்’ என்ற சொற்றொடரை அடிக்கடி செய்திகளில் எழுதியிருக்கிறேன். அந்த ஒப்பந்தம் 1991இல் கலைக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அந்தப் பெயருக்குரிய நகரைப் பார்க்கவேண்டுமென்ற ஆசை மட்டும் உள்ளே கிடந்தது.

புகையிரதத்தில் ஏறத்தாழ ஆறு மணித்தியாலப் பயணம். யன்னலுக்கு வெளியே வெண்பனி மூடிய வயல்வெளிகள். மனைவி கொக்கிளாயில் பிறந்தவர். மாரிகாலத்தில் தமது ஊர்க் களப்புக்குப் பறவைகள் வந்திறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர். 1951ஆம் ஆண்டிலேயே சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட களப்பு அது. “இந்தக் குளிருக்குப் பயந்துதான் அதுகள் எங்கட ஊருக்கு வாறதுகள். நாங்கள் என்னடாவெண்டால் குளிரைத் தேடிப் போறம்” என்றார். மகளின் தடித்த குளிரங்கிக்குள் அவரது முகம் மட்டுமே வெளியே தெரிந்தது.

வார்சோவில் அந்த நாட்களில் பிற்பகல் மூன்றரை மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடுகிறது. நாங்கள் பழைய நகருக்குள் நுழைந்தபோது தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. மன்னர் சிகிஸ்மண்டின் உயர்ந்த தூண், அதன் அருகே செந்நிற அரச மாளிகை, நத்தார் மரம், ஒடுங்கிய தெருக்கள், மஞ்சளும் பச்சையுமாக வண்ணம் தீட்டிய வீடுகள் எல்லாம் ஐந்நூறு ஆண்டுகளாக அப்படியே நின்றவை போலத் தோன்றின. சந்தைச் சதுக்கத்தின் நடுவே வாளும் கேடயமும் ஏந்திய கடற்கன்னி நின்றாள். அவளைச் சுற்றிப் பனித்தரையில் சிறுவர்கள் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தனர்.

“இதெல்லாம் எவ்வளவு காலத்துக் கட்டடங்கள்?” என்று மனைவி கேட்டார்.

“1953இல் திறந்தவை” என்றேன்.

அவர் சற்று யோசித்தார். “அப்ப இந்தப் பழைய நகரம் எங்கட அம்மாவிலும் இளசு.”

அதுவே உண்மை. 1939 செப்டெம்பரில் ஜேர்மனியரின் குண்டுவீச்சில் மாளிகை எரிந்தது. 1944 ஓகஸ்ட் முதலாந் திகதி நகர மக்கள் கிளர்ந்தெழுந்து 63 நாட்கள் போரிட்டுத் தோற்றனர். எஞ்சிய மக்களை வெளியேற்றிவிட்டு, ஹிட்லரின் படைகள் தெருத் தெருவாக நகரை எரித்தும் வெடிவைத்தும் அழித்தன. 1945 ஜனவரி 17ஆம் திகதி, கடுங்குளிரில், சோவியத் படைகளும் போலந்துப் படைகளும் நுழைந்தபோது அங்கே இருந்தது கற்குவியல். ஆற்றின் மேற்குக் கரையிலிருந்த நகரின் பெரும்பகுதி அழிந்துவிட்டது. வேறு நகரைத் தலைநகராக்கினால் என்ன என்ற பேச்சுக்கூட எழுந்தது. ஆனால் மக்கள் பனியினூடாகக் கால்நடையாகத் திரும்பி வந்தனர்.

திரும்பி வந்தவர்கள் எதைப் பார்த்துக் கட்டினார்கள்? மறுநாள் மாளிகைக்குள் அதற்கான விடையைக் கண்டோம். பதினெட்டாம் நூற்றாண்டில் போலந்து மன்னரின் அரண்மனை ஓவியராக இருந்தவர் பெர்னார்தோ பெலோத்தோ என்ற இத்தாலியர். வார்சோவின் தெருக்களையும் மாளிகைகளையும் சாளரம் சாளரமாக அவர் வரைந்தார். அந்த ஓவியங்கள் 22, தனியொரு மண்டபத்தில் தொங்குகின்றன. போரில் கொள்ளையிடப்பட்டு, பின்னர் மீட்கப்பட்டவை. மீளக் கட்டியவர்களுக்கு இவையும் வழிகாட்டின. பெலோத்தோ சில இடங்களில் உள்ளதை உள்ளபடி வரையாமல் அழகுபடுத்தியிருக்கிறார். ஆகையால், போருக்கு முன் இருந்ததைப் போலன்றி ஓவியத்தில் இருந்ததைப் போலவே எழுந்த கட்டடங்களும் அங்கே உண்டு.

ஓவியத்தை விட முக்கியமான ஆதாரமொன்றும் இருந்தது. வார்சோ தொழினுட்பக் கல்லூரியின் கட்டடக்கலை மாணவர்களும் ஆசிரியர்களும் போருக்கு முன்னரே பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைத்திருந்தனர். ஆக்கிரமிப்புக் காலத்திலும் இரகசியமாக அந்த வேலை தொடர்ந்தது. நகரம் அழிக்கப்பட்டபோது, யான் சக்வாத்தோவிச் என்ற கட்டடக்கலைஞரும் தோழர்களும் அவ்வரைபடங்களை வெளியே கடத்தி, பியோட்ர்கூவ் என்ற ஊரின் மடாலயமொன்றில் ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அவை திரும்பி வந்தன. 1980இல் யுனெஸ்கோ இப்பழைய நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கட்டி முப்பது ஆண்டுகளும் ஆகாத ஒன்றுக்கு அந்தச் சிறப்புக் கிடைத்ததற்குக் காரணம், அந்த மீட்டெழுப்பலே ஒரு வரலாறாகிவிட்டது என்பதுதான். அரச மாளிகை மட்டும் பிந்தியது. 1971இல் தொடங்கி 1984இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள்.

1984 என்ற எண்ணைக் கண்டதும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த ஆண்டின் கதையை அறியாத இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1984 நவம்பர் 30ஆம் திகதி கென்ற், டொலர் பண்ணைகளிலும், தொடர்ந்து கொக்கிளாய், நாயாறு மீன்பிடி வாடிகளிலும் சிங்களக் குடியேற்றவாசிகளும் மீனவர்களும் புலிகளால் கொல்லப்பட்டனர். அடுத்து வந்த டிசெம்பர் நாட்களில் படையினரின் நடவடிக்கைகளால் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி ஆகிய தமிழ்க் கிராமங்களில் உயிர்கள் பறிபோயின. எஞ்சியோர் ஊரை விட்டு ஓடினர். மனைவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாரி மழையில் செம்மலை, அளம்பில் என்று கடற்கரையோரமாக நடந்ததும், அவரது தாயார் காணி உறுதியைப் பொலித்தீன் பையொன்றில் சுற்றி மடியில் செருகியிருந்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. போர் முடிந்து 2011 அளவில்தான் அம்மக்கள் திரும்பிச் செல்ல முடிந்தது. இருபத்தேழு மாரிகள் கழிந்திருந்தன.

போனவர்கள் கண்டது பற்றைக்காடு. மண்வீடுகள் கரைந்து போய்விட்டன. கிணறுகள்தான் எஞ்சியிருந்தன. கிணற்றை வைத்து வளவையும், வளவை வைத்து ஒழுங்கையையும் கண்டுபிடித்தார்கள். எங்கள் கிணற்றை மாமிதான் அடையாளம் காட்டினார். கட்டின் ஒரு பக்கத்தில் கயிறு உராய்ந்து விழுந்த தடத்தைக் கையால் தடவிப் பார்த்தே சொன்னார்.

மூன்றாம் நாள் முரனூவ் என்ற பகுதிக்குச் சென்றோம். போருக்கு முன் வார்சோவில் ஏறத்தாழ மூன்றிலொருவர் யூதர். நாலு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஜேர்மனியர் சுவரெழுப்பி இங்கே அடைத்து வைத்தனர். பெரும்பாலானோர் பட்டினியாலும் நச்சுவாயுக் கூடங்களிலும் மாண்டனர். 1943இல் எழுந்த கிளர்ச்சியின் பின் அப்பகுதி முழுவதும் தரைமட்டமாக்கப்பட்டது. பழைய நகரைச் சாளரம் சாளரமாக மீட்டவர்கள் இதை மீட்கவில்லை. இடிபாடுகளை அகற்றாமல், அவற்றின் மேலேயே, அவற்றை நொறுக்கிச் செய்த கற்களாலேயே புதிய குடியிருப்புகளைக் கட்டினார்கள். சில வீடுகள் இன்றும் மேட்டின் மேல் நிற்கின்றன. அந்த மேடுதான் பழைய தெரு.

ஆனால் அங்கும் பதிவு இருந்தது. இமானுவேல் ரிங்கெல்புளும் என்ற வரலாற்றாசிரியரும் அவரது குழுவினரும் சுவருக்குள் நடந்த அனைத்தையும் எழுதிச் சேர்த்தனர். பங்கீட்டு அட்டை, துண்டுப்பிரசுரம், பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை என எதையும் விடவில்லை. தகரப் பெட்டிகளிலும் பால் கலன்களிலும் அடைத்துப் புதைத்தனர். 1946இலும் 1950இலும் இரண்டு பகுதிகள் தோண்டி எடுக்கப்பட்டன. மூன்றாவது பகுதி கிடைக்கவேயில்லை. ரிங்கெல்புளும் 1944இல் கொல்லப்பட்டார். அந்தப் பால் கலன்களில் ஒன்றை யூத வரலாற்று நிறுவனத்தில் கண்டோம். துருப்பிடித்த சாதாரணக் கலன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தி எழுதிய எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

பழைய நகரில் வரைபடமும் இருந்தது, திரும்பி வந்த மக்களும் இருந்தார்கள். முரனூவில் பதிவு இருந்தது. திரும்பி வர மக்கள் இல்லை. கொக்கிளாயில் மக்கள் திரும்பினார்கள். எந்த ஒழுங்கை எங்கே போனது, எந்த வளவு யாருடையது, கோயிலின் வெளிவீதி எதுவரை இருந்தது என்பதற்கு எந்தத் தாளும் இல்லை. உறுதி ஒரு காணியின் நான்கெல்லையைச் சொல்லும். ஓர் ஊரைச் சொல்லாது.

வார்சோவைக் குறைவின்றிப் போற்ற நான் முற்படவில்லை. 1945 ஒக்டோபரில் வந்த அரச ஆணையொன்று நகர நிலம் முழுவதையும் உடைமையாளரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அதனால் எழுந்த வழக்குகள் பல பத்தாண்டுகளாக நீடித்தன. வீடு எழுந்தது, வீட்டுக்காரனுக்குக் கிடைக்கவில்லை என்ற கதையும் அங்கே உண்டு. எனினும் ஒரு பழக்கம் என்னைக் கவர்ந்தது. நகரெங்கும் சுவர்களில் கற்பலகைகள் பதித்திருக்கிறார்கள். அவற்றில் அவ்விடத்தில் மக்கள் கொல்லப்பட்ட திகதி, எத்தனை பேர் என்ற தொகை. கீழே யாரோ ஏற்றிவைத்த விளக்கு பனிக்குள் எரிந்துகொண்டிருக்கும். செய்தியாளன் ஒருவன் முதலில் கேட்பதும் அந்த இரண்டையும்தான். எங்கள் பக்கத்தில், அதே 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டிய குழியில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. அடுத்த ஆண்டு அகழ்வு முடிந்தபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. தொகை கிடைத்தது. பெயர்கள்?

ஊர் திரும்பியதும் மனைவி பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் கோடு கீறத் தொடங்கினார். மாமிக்கு எண்பத்து மூன்று வயது. காலையில் நினைவு தெளிவாக இருக்கும். “வாய்க்காலுக்கு அங்கால ஆர் இருந்தவை அம்மா?” என்று கேட்டால், வீட்டுக்காரர் பெயரோடு முற்றத்து மாமரத்தின் சாதியையும் சொல்வார். இப்போது அயல் வீட்டு முதியவர்கள் இருவரும் வந்து திருத்தம் சொல்கிறார்கள். ஒரு வேலியைப் பற்றி ஒரு வாரம் வாதம் நடந்தது. இருவர் சொன்னதையும் இரண்டு நிற மையில் குறித்துவைத்திருக்கிறோம்.

இடம்பெயர்ந்த ஒவ்வோர் ஊரிலும் இப்படிச் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு தாளையும் பேனையையும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். அதற்குப் பெரிய நிதியோ நிறுவனமோ தேவையில்லை. காலைப் பொழுது போதும்.