என் டி-செல் ஏன் என்னையே தாக்கியது?

இரத்தத்தின் வெள்ளையணுக்களில் டி-செல் ஒரு காவல்காரன். கிருமியை முழுசா பார்த்தா அதுக்கு அடையாளம் தெரியாது. நம் செல்கள் உள்ளே இருக்கும் புரதத்தைத் துண்டாக்கி, எம்.ஹெச்.சி. என்ற தட்டில் வைத்து வெளியே நீட்டும். துண்டையும் தட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் டி-செல் ஆன்டிஜெனைக் கண்டுபிடிக்கும். இதை 1974-ல் ஆஸ்திரேலியாவில் டோஹர்ட்டியும் ஜிங்கர்நாகலும் வெளியிட்டார்கள். 1996-ல் நோபல் பரிசு பெற்றார்கள்.

சொந்தச் செல்லைத் தாக்கக்கூடிய டி-செல்களை மார்பில் உள்ள தைமஸ் சுரப்பி முன்னாடியே அழித்துவிடும். சில தப்பிவிடும். அப்படித் தப்பியவைதான் என் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அந்நியன் என்று அழித்தன. இதுதான் டைப்-1 சர்க்கரை நோய். அதனால்தான் தினமும் ஊசி போட்டுக்கிறேன். மிட்டாய் தின்னதால வரலை, யாருக்கும் ஒட்டிக்கவும் செய்யாது. தைரியமா பக்கத்துல உட்காருங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி