கப்பல் சங்கு

டிசம்பர் விடுமுறையில் மரீனா பே துறையிலிருந்து கப்பலேறுவதென்று நிச்சயித்த நாள்முதல், என் கணவர் பால்கனி அறையின் கட்டணத்தில் லயித்திருக்க, என் சிந்தை முழுவதும் பாதுகாப்புப் பயிற்சியில் ஊதும் அபாயச் சங்கின் மீதே நிற்கிறது.

ஏழு முறை குறுக ஊதி, பிறகு நீட்டி ஒருமுறை. சர்வதேச நியதி!

மிக்ஸி ஓடினாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் அடைக்கலம் புகும் என் ஐந்து வயது ஆட்டிசப் பிள்ளைக்கு, இந்நியதியின் அவசியத்தை எந்தச் சாஸ்திரத்தைக் கொண்டு விளக்குவது?

ஆகவே மாலைதோறும், அவன் பிரியமாய்ப் பார்க்கும் லிஃப்ட் காணொளிகளுக்கு நடுவே, அவ்வொலியை மெல்ல ஒலிக்கவிட்டு, சிறிது சிறிதாகக் கூட்டிவருகிறேன்.

அவன் நிதானமாக விரல்விட்டு எண்ணுகிறான். திடுக்கிடுவது நான்தான்.

பாதுகாப்புப் பயிற்சியைக் கைபேசியில் பார்த்துவிட்டு, கூட்டமில்லாத வேளையில் கூடுமிடத்தில் தலைகாட்டினால் போதுமென்று சில கப்பல்களில் வைத்திருக்கிறார்களே, பிள்ளையோடு அப்படிப் போய்வந்தவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா?