ஒழுகாத ஓட்டை

அப்பாவோட லாரி பழசு. ஸ்கேனரைச் செருகினா கோடு சொல்ற பிஎஸ் 6 வண்டி இல்ல. இன்லைன் பம்ப் காலத்து வண்டி. போன தீபாவளி லீவுல ஏத்தத்துல இழுக்காமத் திணறுச்சு. ராத்திரி நிறுத்தினா காலையில ஸ்டார்ட் ஆகல. பம்ப்பைக் கழட்டி சர்வீஸ் பண்ணணும்னு ஒரு கடையில சொல்லிட்டாங்க. அந்தச் செலவு பண்ணினா அந்த மாச டியூ கட்ட முடியாது.

மெக்கானிக் அண்ணன் பம்ப்பைத் தொடவே இல்ல. ஃபில்டர் மேல இருக்கற ஸ்க்ரூவைத் தளர்த்தி, கையால பிரைமரை அடிச்சார். டீசல் நுரையா வந்துச்சு. "ஏர் எடுக்குது தம்பி"ன்னார். ஆனா லைன்ல எங்கயும் ஒரு சொட்டுக்கூட ஒழுகல!

டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சற பக்கம். இன்ஜின் ஓடும்போது அங்க அழுத்தம் வெளிக்காத்தை விடக் கம்மி. ஓட்டை விழுந்தா டீசல் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். நெகட்டிவ் கேஜ் பிரஷர்னு நாம எக்ஸாம்ல எழுதிட்டு மறந்தது இதைத்தான்.

அண்ணன் டேங்க் லைனைக் கழட்டிட்டு, ஒரு கேன்ல டீசல் ஊத்தி, அதுலயிருந்து நேரா ஃபீட் பம்ப்புக்கு ஹோஸ் போட்டார். காத்தை வெளியேத்திட்டு ஸ்டார்ட் பண்ணினா வண்டி திணறவே இல்ல. அப்போ பம்ப் நல்லாத்தான் இருக்கு. கோளாறு அதுக்கு முன்னாடி. தேடினதுல, ஹோஸ் கிளிப்புக்கு அடியில முடி மாதிரி ஒரு விரிசல். ஒரு முழம் ஹோஸ், ரெண்டு கிளிப் மாத்தினோம். அன்னிக்கு ராத்திரியே அப்பா லோடு ஏத்தக் கிளம்பிட்டார்.